சுவரைப் பிளந்த பூமரம்: நாற்றுக்காரர் பதில்கள்

சித்திரை பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களும் சிவந்துவிடும். இந்த மாதம் வந்ததில் முக்கால்வாசி குல்மோகரைப் பற்றித்தான். பூத்ததே என்று ஒருவர், பூக்கவில்லையே என்று ஒருவர், சுவர் போச்சே என்று இன்னொருவர். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு மரத்துக்கே விட்டுவிட்டேன். கொய்யாவில் மாவுப்பூச்சி என்று கேட்டவர்கள் கோபிக்காமல் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு முன்னால் 16 வருடத்துக் குல்மோகர் நிற்கிறது. காம்பவுண்டு சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். வேரை வெட்டிவிட்டுச் சுவரைப் புதிதாகக் கட்டலாம் என்கிறார் மேஸ்திரி. மரத்தையே எடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரம்மா. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருப்பூர்

மேஸ்திரி பேச்சை மட்டும் கேட்காதீர்கள். ஒருமுறை நானே மேஸ்திரியாக இருந்து பட்டவன், அதனால் சொல்கிறேன்.

நாற்றுப் பண்ணை ஆரம்பித்த புதிதில், கோபி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம் ஒரு குல்மோகர் நட்டேன். திண்ணையில் உட்கார்ந்தால் பூ தெரிய வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு எட்டடி தள்ளிக் குழி எடுத்தேன். ஏழாம் வருடம் பூத்தது பாருங்கள், பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். நாற்றுப் பண்ணைக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? பதினோராம் வருடம் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தால் மூலையில் பூச்சைப் பிளந்துகொண்டு முழங்கை தடிமனுக்கு ஒரு வேர் உள்ளே வந்திருக்கிறது. கடப்பாரையும் கோடாலியும் எடுத்து, அந்த வேரையும் அதற்குப் பக்கத்தில் மேற்கே ஓடிய இன்னொன்றையும் வெட்டினேன். தொட்டியைப் பூசியாயிற்று. வேலை முடிந்தது என்று கைகழுவிவிட்டேன்.

அடுத்த ஆடியில் ஒரு ராத்திரி, லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் மரம் வேரோடு சாய்ந்து ஆட்டுக் கொட்டகை மேல் கிடக்கிறது. ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நல்ல வேளை, அந்த வாரம் ஆடுகளைக் காட்டில் பட்டி போட்டிருந்தோம். நான் மரத்தைத் திட்டிக்கொண்டு நின்றேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “மரத்தைய ஏஞ்சாமி வைற? நீ குழி எடுத்த எடமில்ல தப்பு” என்று சொல்லிவிட்டுச் சாணி அள்ளப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். குல்மோகரின் வேர் ஆழத்துக்குப் போவதைவிட மேலாகப் பரவுவதில்தான் குறியாக இருக்கும். மேலே குடை எவ்வளவு அகலமோ கீழேயும் அதற்குக் குறையாது. நம் ஊரிலோ ஆனி, ஆடி, ஆவணி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? மேற்கே இருந்து அடிக்கிற காற்றில் மரம் கிழக்கே சாயாமல் இழுத்துப் பிடிப்பது மேற்குப் பக்கத்து வேர். கூடாரத்துக்குக் கயிறு மாதிரி. அந்தக் கயிற்றைத்தான் நான் அறுத்துவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேர் போகிற இடத்தில் மட்டும் சுவரை இடித்துவிட்டு, இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, மேலே ஒரு பீம் போட்டு அதன்மேல் கட்டச் சொல்லுங்கள். பீமுக்குக் கீழே வேருக்கு ஒரு முழம் இடம் விட்டால் போதும். நாய் நுழையும் என்றால் கம்பி வலை அடித்துக்கொள்ளலாம். செலவு கொஞ்சம் கூடும். கொட்டகை ஓட்டுச் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. தை, மாசியில் மரம் இலை கொட்டி நிற்கும்போது காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை இவற்றை மட்டும் அடியோடு எடுங்கள். மொட்டை அடித்துவிடாதீர்கள். வெட்டின இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்த்து வருகிற கிளைக்குப் பிடிமானம் இருக்காது, அடுத்த காற்றில் அதுதான் முதலில் முறியும்.

மரம் வீட்டுக்கு நேர் மேற்கே, 15 அடிக்குள் நின்றால் மட்டும் வீட்டுக்காரம்மா சொல்வதை யோசிக்கலாம். புதிதாக நடுகிறவர்கள் வீட்டிலிருந்து, தொட்டியிலிருந்து, செப்டிக் டேங்கிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் சரக்கொன்றை வையுங்கள். இத்தனை அகலம் கேட்காது.

குல்மோகரும் மயில்கொன்றையும் ஒன்றா? எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) மயில்கொன்றை என்பது இடுப்பளவுச் செடி என்கிறார். பாடப் புத்தகத்தில் மரம் என்று இருக்கிறது.
– கல்லூரி மாணவி, பவானி

உங்கள் அமுச்சி சொல்வதும் சரி, புத்தகம் சொல்வதும் சரி. வேலி ஓரத்தில் எட்டு, பத்து அடிக்குள் வளர்ந்து, தண்டில் முள்ளோடு, சிவப்பும் மஞ்சளும் கலந்து பூத்து, மீசை மாதிரி மகரந்தக் கம்பி நீண்டு நிற்குமே, அது பழைய மயில்கொன்றை. அதன் காய் விரல் நீளம்தான். பின்னால் வந்த பெரிய மரத்துக்கும் இலையும் பூவும் அதே சாயலில் இருந்ததால் செம்மயிற்கொன்றை என்று பேர் விழுந்தது, நாளடைவில் ‘செம்’ உதிர்ந்துவிட்டது. மரத்தின் காய் ஒன்றரை அடி, சில நேரம் இரண்டடி. வாள் மாதிரி. அதை வைத்து வாள்சண்டை போடாத பையன் எங்கள் காலத்தில் கிடையாது. டவுனில் மே பிளவர் என்பார்கள். ‘குல்’ என்றால் பாரசீகத்தில் பூ.

படிக்கிற பெண் என்பதால் ஒன்று சொல்கிறேன் கண்ணு. பேரில் சந்தேகம் வந்தால் பூ, இலை, காய் மூன்றும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் அமுக்கிக் காயவைத்து எடுத்துப் போ. கோவை லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. உலர்த்திய செடி மாதிரிகளை அங்கே அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பாடப் புத்தகத்தைத் திறக்கிற விதமே மாறிவிடும்.

அயல்நாட்டு மரங்களை ஒழித்தால்தான் நம் மண் பிழைக்கும் என்று எங்கள் குழுவில் பேசினோம். பட்டியலில் குல்மோகரும் இருக்கிறது. நீங்களோ அதை விற்கிறீர்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு

விற்கிறேன், மறைக்கவில்லை. இதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. மொரீசியஸிலிருந்து அங்கே போன போயர் என்ற தாவரவியலாளர் 1820-களில் கண்டெடுத்தார். 1829-ல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் அதற்குப் பாயின்சியானா ரீஜியா என்று பேர் வைத்து எழுதினார். மேற்கிந்தியத் தீவில் கவர்னராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் பேரிலிருந்து வந்ததுதான் பாயின்சியானா. 1837-ல் ரஃபினெஸ்க் என்பவர் அதை டெலோனிக்ஸ் என்று மாற்றினார். கிரேக்கத்தில் ‘நன்றாகத் தெரிகிற நகம்’ என்று பொருளாம். இதழின் அடி நகம் மாதிரி ஒடுங்கியிருப்பதைப் பார்த்து வைத்த பேர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் மடகாஸ்கரில் நம் கார்த்திகை, மார்கழிதான் கோடை. நாம் தீபம் ஏற்றுகிற காலத்தில் அங்கே இது பூத்துக் கிடக்கும்.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒழிப்பதென்றால் எங்கே நிறுத்துவது, சொல்லுங்கள். மிளகாய் வெளியூர். நிலக்கடலை வெளியூர். மக்காச்சோளம் வெளியூர். மரவள்ளி போனால் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி மில்லெல்லாம் பூட்டுத்தான். சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்றால் நான் கடப்பாரையோடு முதல் ஆளாக வருகிறேன். அது விட்ட இடமெல்லாம் பரவும். குல்மோகர் அப்படித் தானாகக் காடு பிடித்து நான் பார்த்ததில்லை. நட்ட இடத்தில் நிற்கும்.

உங்கள் பேச்சில் எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. கோயில் நிலம், குளக்கரை, ஊர்ப் பொது இடம் என்று வந்தால் நான் குல்மோகர் கொடுப்பதில்லை. வன்னி, புங்கன், சரக்கொன்றை, புளி கொடுக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் இவையெல்லாமே ஒரே குடும்பம். அவரை, துவரை, குல்மோகர் எல்லாம் பங்காளிகள். கொடுமுடிக் கோயிலில் பிரம்மா இருப்பது வன்னி அடியில். பேரூரில் பிறவாப்புளி. பள்ளிக்கூட மைதானத்து நடுவில் நிழல் வேண்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று கேட்டால் மட்டும் குல்மோகர். உங்கள் பட்டியலில் அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினால் போதும் என்பது என் கட்சி.

குல்மோகர் இலையும் ராத்திரி தூங்குமா?
– வாசகி, கரூர்

தூங்கும். பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பேரைத் தூங்குமூஞ்சி மரம் தட்டிக்கொண்டு போய்விட்டது.

பள்ளிக்கூட மரத்திலிருந்து 30 விதை எடுத்துப் போட்டேன். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை சொத்தையா?
– எட்டாம் வகுப்பு மாணவன், சத்தியமங்கலம்

சொத்தை இல்லை தம்பி. கல். அந்த விதையைத் தரையில் போட்டுப் பார், கூழாங்கல் மாதிரி துள்ளும். மேல்தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகாது. பேரூர்ப் பிறவாப்புளியின் விதை முளைக்கவே முளைக்காது என்று கதை சொல்வார்கள், இதற்கு அந்த மாதிரிச் சாபமெல்லாம் இல்லை. கதவைத் திறந்துவிட்டால் முளைத்துவிடும்.

உப்புத்தாள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அம்மாவிடம் கேட்டு அம்மிக் கல்லின் ஓரத்தில் தேய். விதையின் ஒரு முனையில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கும், காயில் ஒட்டியிருந்த இடம். அந்தப் பக்கம் கை வைக்காதே, முளை அங்கேதான் இருக்கிறது. எதிர் முனையைத் தேய். முதலில் பழுப்புப் பொடி உதிரும். அப்புறம் ஒரு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி வெளுப்பு தெரியும். அங்கே நிறுத்து. இன்னும் இரண்டு தேய் தேய்த்தால் பருப்பு காயமாகிவிடும். ஒரு ராத்திரி தண்ணீரில் போடு. காலையில் பார்த்தால் விதை ஊதி ஏறக்குறைய இரண்டு மடங்காகி, தோல் வழவழப்பாகி, உள்ளங்கையில் புழு மாதிரி கனத்துக் கிடக்கும். ஊதாமல் கிடப்பதை மட்டும் எடுத்து மறுபடி தேய். தேய்க்கப் பொறுமை இல்லையா? தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு அப்படியே மறுநாள் வரை விட்டுவிடலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய். பண்ணையில் ஆயிரக்கணக்கில் செய்யும்போது எங்களுக்கும் வெந்நீர்தான். ஆனால் தேய்த்தால்தான் கணக்குத் தவறாது.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து பாக்கெட்டில் நிரப்பி, விரல் கணு ஆழத்தில் ஊன்று. ஒரு வாரம், பத்து நாளில் தலை நீட்டும். பை கிழிய ஆரம்பிக்கும் முன் நிலத்துக்கு மாற்றிவிடு. ஆணிவேர் பைக்குள்ளே சுருண்டுவிட்டால் மரமான பிறகும் அந்தச் சுருள் போகாது.

முளைக்காத விதையைத் தூக்கிப் போட்டுவிடாதே. முப்பதும் உனக்குத் திரும்ப உதவும்.

12 வருடமாகிறது, ஒரு பூ இல்லை. பச்சைப் பசேலென்று இருக்கிறது. தென்னைக்குப் போடும் உரமெல்லாம் போடுகிறோம், சொட்டு நீரும் இருக்கிறது.
– தோப்புக்காரர், பொள்ளாச்சி

நீங்களே பதிலையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். தீனி அதிகம். மாப்பிள்ளைக்கு வைத்த மாதிரி வைத்தால் மரம் இலை இலையாகத்தான் போடும். வறட்சிக்குப் பழகிய மரம் இது. தையிலிருந்து பங்குனி வரை மண் காய்ந்து, இலை கொட்டி, மொட்டையாக நின்றால்தான் சித்திரையில் மொட்டு வரும். மார்கழி கடைசியில் அந்தச் சொட்டுக் குழாயை அடைத்துவிடுங்கள், யூரியா பக்கமே போகாதீர்கள். தென்னை நிழல் விழுகிற இடமாக இருந்தால் இதுவும் போதாது. முழு வெயில் இல்லாமல் குல்மோகர் பூக்காது.

ஊர் பஸ் ஸ்டாப் மரத்தடியில் செம்பழுப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி காளான் தட்டு தட்டாக முளைத்திருக்கிறது. அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் பிய்த்து விளையாடுகிறார்கள்.
– வாசகி, ஆனைமலை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். அது கனோடெர்மா பூஞ்சை. உங்கள் பக்கத்துத் தென்னைக்காரர்களிடம் தஞ்சாவூர் வாடல் என்று சொல்லுங்கள், முகம் மாறும். அதே வகைப் பூஞ்சைதான். காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேரும் அடிமரமும் ஏற்கெனவே மெத்தென்று ஆகியிருக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும், அதை நம்பக் கூடாது. ஒரு கட்டையால் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் கூடு.

மருந்து கிடையாது. ரோட்டு மரத்தை நாமாக வெட்டவும் முடியாது. போட்டோ எடுத்து, ஊராட்சிக்கும் சாலைத் துறைக்கும் எழுத்தில் கொடுத்து, மனு வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் காலத்துக்கு முன் முடிய வேண்டும். அதுவரை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு கட்டை, வேர் எதையும் மண்ணில் விடாமல் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். அதே குழியில் இன்னொரு குல்மோகரை வைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள யாராவது வந்தால், தயவுசெய்து தடுங்கள்.

எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) நிழலுக்கு நாலு குல்மோகர் வைக்கலாம் என்றிருக்கிறேன். பயறு வகை மரம்தானே, மண்ணுக்கும் சத்து ஏறுமல்லவா?
– மாடு வளர்ப்பவர், காங்கேயம்

வேண்டாமுங்க. பயறுக் குடும்பம் என்றாலே வேரில் முடிச்சு இருக்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்று நினைக்கிறோம். எல்லோருக்கும் அந்தக் கை வராது. சரக்கொன்றைக்கு முடிச்சே கிடையாது. குல்மோகரிடமும் அதை எதிர்பார்த்து நடாதீர்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் என்று உங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போனதில் கணக்கு இருக்கிறது. வெள்வேல் வேரில் முடிச்சு உண்டு, நிழல் அடர்த்தி இல்லாததால் கீழே புல் வரும், காயை ஆடு பொறுக்கும். குல்மோகர் அடியில் வேர் மேலேயே பின்னிக் கிடக்கும், நிழலும் கனம். புல் சரியாக வராது.

பூமரம்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் வேலியோரம் வாதநாராயணன் போத்து, அதாவது வெட்டின கிளைத் துண்டு, ஊன்றுங்கள். குல்மோகருக்குச் சொந்தத் தம்பி அது, அதுவும் டெலோனிக்ஸ்தான். பூ வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். தழையை ஆடு தின்னும், வயலுக்கும் ஆகும். ஆடு எட்டாத உயரத்துக்குப் போத்து வெட்டுங்கள்.

சின்ன வயதில் இந்தப் பூவை வைத்து என்னமோ சண்டை விளையாடுவோம். இப்போது பெங்களூரு அப்பார்ட்மெண்டில் மரம் இருக்கிறது, மகளுக்குச் சொல்லித்தர எனக்கு மறந்துவிட்டது.
– வாசகி, சொந்த ஊர் அந்தியூர்

சேவல் சண்டை, அம்மணி. விரிகிற பக்குவத்தில் உள்ள மொட்டாகப் பாருங்கள், பறிக்க வேண்டாம், காலையில் மரத்தடியில் விழுந்தே கிடக்கும். பச்சைத் தோல் ஐந்தாகப் பிரியும், உள்பக்கம் சிவப்பு. அதைக் கிழித்து விரல் நகத்தில் ஒட்டினால் ராட்சசி நகம். உள்ளே கசங்கிய துணி மாதிரி ஐந்து இதழ். நாலு சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளை, மஞ்சள், சிவப்புக் கோடு போட்டது. அந்த ஒன்றை நாங்கள் மென்று பார்ப்போம், புளிக்கும். நடுவே பத்துக் கம்பி. அதுதான் சேவல். ஆளுக்கு ஒரு கம்பி எடுத்து, தலையோடு தலையைக் கோத்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். யாருடைய சேவலுக்குத் தலை போகிறதோ அவர் தோற்றார்.

விரிந்த பூவின் கம்பி வெயிலில் துவண்டிருக்கும், அதை மகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மொட்டுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டத்தில் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.